வண்டியை உயர்த்தினால் சக்கரம் தடுமாறுவது ஏன்?

கல்லும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதையிலும், ஆற்றுப் படுகையிலும் செல்ல வேண்டிய வண்டிக்குத் தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். ஜீப் வகை வண்டிகளை வைத்திருப்போர் பலர், தொழிற்சாலையில் தந்த இடைவெளி போதவில்லை என்று எண்ணி, நீளமான சுருள்வில்களை மாட்டி வண்டியை 5 செ.மீ. அல்லது அதற்கும் மேலாக உயர்த்திக்கொள்கின்றனர். சக்கர வளைவுக்குள் பெரிய டயருக்கு இடம் கிடைக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்பகுதி இடிப்பதில்லை.

ஆனால், உயர்த்திய வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தவுடன் வேறொரு தொல்லை தொடங்குகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நேராகச் செல்ல வேண்டிய வண்டி, சற்று இடப்புறமும் சற்று வலப்புறமும் அலைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங், கையை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்புவதில்லை. எதிரே லாரி வரும்போது ஓட்டுநர் ஒவ்வொரு நொடியும் வண்டியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. உடனே ‘வீல் அலைன்மென்ட்’ பார்க்கும் பட்டறைக்குச் செல்கிறார். அங்கே ஏதோ ஒரு தண்டைத் திருகி, அளவு சரியாகிவிட்டது என்று அனுப்புகிறார்கள். வண்டியோ முன்போலவே அலைகிறது!

அலைன்மென்ட் செய்த பிறகும் வண்டி ஏன் அலைய வேண்டும்? பட்டறையில் திருத்தியது ஒரு கோணம். உயர்த்தியதால் கெட்டது வேறொரு கோணம். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த முக்கோணக் கணிதமே போதும்.

மூன்று கோணங்கள்

முன்சக்கரம் எப்படி நிற்கிறது என்பதை மூன்று கோணங்களால் குறிப்பிடுவர்.

வண்டியின் முன்னே நின்று பார்த்தால், சக்கரம் நிமிர்ந்து நிற்கிறதா, தலைப்பகுதி உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். இந்தச் சாய்வே கேம்பர்.

வண்டிக்கு மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கலாம், அல்லது நம் கால் கட்டைவிரல்களை உட்புறம் திருப்பி நிற்பதுபோல் முன்விளிம்புகள் சற்று நெருங்கியிருக்கலாம், அல்லது விலகியிருக்கலாம். இது டோ எனப்படும். நெருங்கினால் டோ-இன்; விலகினால் டோ-அவுட்.

இனி, வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று பார்ப்போம். சக்கரம் இடமும் வலமும் திரும்புவது ஓர் அச்சைச் சுற்றியே. அதைத் திருப்பு அச்சு என்று அழைப்போம். இந்த அச்சு செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை வண்டியின் பின்புறம் நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்கோணமே காஸ்டர்.

மூன்றில் டோவைத் தவறாக வைத்தால் டயர் தேயும். 70 செ.மீ. விட்டமுள்ள டயரின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 3.5 மி.மீ. உட்புறம் இருப்பதாகக் கொள்வோம். 3.5-ஐ 700-ஆல் வகுத்தால் 200-இல் ஒரு பங்கு. அதாவது, வண்டி 1 கி.மீ. செல்வதற்குள் அந்தச் சக்கரம் தான் போக விரும்பிய வழியிலிருந்து 5 மீட்டர் தொலைவு பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரப்பரை 5 மீட்டர் தார்ச்சாலையில் தேய்ப்பதற்கு இது சமம். டயரின் மேல் கையை உட்புறமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், வெளிப்புறமாகத் தடவும்போது அரம்போலவும் இருந்தால், டோ கெட்டிருக்கிறது என்று பட்டறைக்காரர் சொல்லிவிடுவார்.

காஸ்டர் கெட்டால் டயர் பெரிதும் தேய்வதில்லை. கெடுவது வண்டியின் நேர்நடை. ஆகவே அது கண்ணுக்குப் புலப்படாமல் தப்பிவிடுகிறது.

சைக்கிள் சொல்லும் பாடம்

காஸ்டரின் வேலையை அறிய ஒரு சைக்கிள் போதும். கைப்பிடிக்குக் கீழே உள்ள குழாயை உற்று நோக்குங்கள். அது செங்குத்தாக இல்லாமல், மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தக் குழாயின் கோட்டிலேயே ஒரு நீண்ட குச்சியைப் பிடித்துத் தரைவரை நீட்டிப் பாருங்கள். குச்சி தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் இருப்பதைக் காண்பீர்கள். இவ்விரு புள்ளிகளுக்கும் உள்ள தொலைவை ‘டிரெயில்’ என்பர். நாம் பின்தொடர் தூரம் என்று சொல்லலாம்.

இப்போது கைப்பிடியைத் தொடாமல், இருக்கையை மட்டும் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளுங்கள். முன்சக்கரம் பணிவுடன் நேராகச் செல்லும். பின்னே தள்ளினால் சட்டென்று ஒரு பக்கம் மடங்கிவிடும். திருப்பு அச்சு முன்னே செல்ல, டயர் அதன் பின்னால் இழுபட்டு வரும்போது, சக்கரம் விலகினால் தரையின் உராய்வே அதை மீண்டும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறது. கயிற்றில் கட்டி இழுக்கும் பொம்மை வண்டி, இழுக்கும் கையின் பின்னாலேயே வருவதைப் போன்றதுதான் இது.

மோட்டார் வண்டியிலும் இதே ஏற்பாடுதான். டயரின் ஆரம் 35 செ.மீ., காஸ்டர் 3 டிகிரி எனில், பின்தொடர் தூரம் 35-ஐ 3 டிகிரியின் டேன்ஜென்ட்டால் பெருக்கக் கிடைக்கும். விடை ஏறத்தாழ 18 மி.மீ. நம் கட்டைவிரலின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான இந்தத் தொலைவுதான், நெடுஞ்சாலையில் விரையும் வண்டியை நேராக வைத்திருப்பதில் பெரும்பங்கு ஆற்றுகிறது. காஸ்டர் 1 டிகிரியாகக் குறைந்தால் அது 6 மி.மீ. ஆகிவிடும். காஸ்டர் சுழியமானால் பின்தொடர் தூரமும் சுழியமே.

திருப்பு அச்சு முன்னிருந்து பார்க்கும்போது உட்புறமும் சற்றுச் சாய்ந்திருப்பதால், மெதுவாகச் செல்கையில் வண்டியின் எடையும் ஸ்டியரிங்கை ஓரளவு நடுவுக்குத் தள்ளும். ஆனால், வேகமாகச் செல்லும்போது அது மட்டும் போதாது.

ஐந்து செ.மீ. உயர்ந்தால் என்ன ஆகும்?

இனி, உயர்த்துதலால் இந்தக் கோணம் எப்படிக் கெடுகிறது என்று காண்போம். எடுத்துக்காட்டாக, லேண்ட் ரோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரிலும், 1983-இல் வந்த லேண்ட் ரோவர் 110, 1984-இல் வந்த 90 ஆகியவற்றிலும், 1990 முதல் 2016 வரை டிஃபெண்டர் என்ற பெயரில் வந்த அவற்றின் வழித்தோன்றல்களிலும் முன்பகுதி அமைப்பு ஒன்றே. 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியின் முன்பகுதியும் அடிப்படையில் இவ்வகையைச் சேர்ந்ததே.

இவற்றில் இரு முன்சக்கரங்களையும் ஓர் உறுதியான இரும்பு ஆக்ஸில் இணைக்கிறது. ஆக்ஸிலின் மேல் சுருள்வில்கள் நின்று வண்டியின் சட்டத்தைத் தாங்குகின்றன. சுருள்வில் எடையைத் தாங்குமே தவிர, ஆக்ஸில் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொள்ளாது. அதற்காக, ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிச் சென்று சட்டத்துடன் இணையும் இரு நீண்ட இரும்புக் கைகள் உள்ளன. ‘ரேடியஸ் ஆர்ம்’ எனப்படும் இவற்றை நெடுங்கைகள் என்று சொல்வோம். ஒவ்வொரு நெடுங்கையும் ஆக்ஸிலுடன் இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கை சாய்ந்தால் ஆக்ஸிலும் கூடவே சுழலும்.

நீளமான சுருள்வில்லை மாட்டினால் சட்டம் மேலே போகிறது. ஆக்ஸில் டயரின் மேல் நிற்பதால் அது மேலே போவதில்லை. (ஆக்ஸிலின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, வில்லை மாற்றுவதால் சிறிதும் கூடாது, அதற்குப் பெரிய டயர்தான் வேண்டும்.) நெடுங்கையின் பின்முனை சட்டத்துடன் சேர்ந்து மேலே செல்கிறது, முன்முனை ஆக்ஸிலுடன் கீழேயே நிற்கிறது. எனவே கை சாய்கிறது. அதனுடன் ஆக்ஸிலும் சுழன்று, திருப்பு அச்சின் தலை முன்னோக்கிக் கவிழ்கிறது.

எவ்வளவு கவிழும்? கையின் நீளம் 90 செ.மீ., உயர்த்தியது 5 செ.மீ. எனக் கொண்டால், 5-ஐ 90-ஆல் வகுத்துக் கிடைக்கும் சைன் மதிப்புக்குரிய கோணம் ஏறத்தாழ 3.2 டிகிரி. லேண்ட் ரோவர் 90, 110 வண்டிகளுக்குத் தொழிற்சாலை நிர்ணயித்த காஸ்டரோ 3 டிகிரிதான்! ஐந்து சென்டிமீட்டர் உயரத்தைப் பெறுவதற்குக் காஸ்டர் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டோம். சைக்கிள் சோதனையில் பணிவுடன் பின்தொடர்ந்த சக்கரத்துக்கு இப்போது எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. வண்டி அலைவதற்கு இதுவே காரணம்.

பட்டறையில் திருகுவது எதை?

இதே வண்டியில் மற்ற இரு கோணங்கள் என்ன ஆயின? ஆக்ஸில் வளையாத இரும்புக் குழாய். ஆகவே கேம்பர் மாறாது. இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் என்னும் தண்டு, ஆக்ஸிலுக்கு இணையாக ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குச் செல்கிறது. சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே டோவும் ஏறக்குறைய மாறுவதில்லை.

ஆனால், இவ்வகை வண்டியில் பட்டறைக்காரர் ஸ்பானரால் திருகி மாற்றக்கூடிய கோணம் டோ ஒன்றே. காஸ்டருக்கென்று திருகு எதுவும் இல்லை. கணினி இணைந்த அலைன்மென்ட் எந்திரம் காஸ்டரைச் சிவப்பு எழுத்தில் காட்டினாலும், அதற்குச் செய்ய ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு, டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்து வண்டியை அனுப்பிவிடுவது உண்டு. கெடாததைத் திருத்திவிட்டு, கெட்டதை அப்படியே விட்டதாகிறது. எந்திரம் அளந்து சொல்லும். கோணத்தை மீட்டுத் தராது. மீட்க வேண்டுமானால் பொருளை மாற்ற வேண்டும்.

இழந்த கோணத்தை மீட்கும் வழிகள்

முதல் வழி, துளை நடுவில் இல்லாத புஷ்களைப் பொருத்துவது. நெடுங்கையை ஆக்ஸிலுடன் பிணைக்கும் இரு போல்ட்டுகளுக்கு இடையே 16 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். முன் புஷ்ஷின் துளையை 4 மி.மீ. ஒரு திசையிலும், பின் புஷ்ஷின் துளையை 4 மி.மீ. எதிர்த்திசையிலும் தள்ளி அமைத்தால், ஆக்ஸில் 160-க்கு 8 என்ற சாய்வில், அதாவது ஏறத்தாழ 2.9 டிகிரி திரும்பிவிடும். வேலை சிறியது, செலவும் குறைவு. ஆனால், துளை ஓரமாக இருப்பதால் ஒரு பக்கத்தில் ரப்பர் மெலிந்து, புஷ் விரைவில் கிழியலாம். புஷ்ஷைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் காஸ்டர் கூடுவதற்குப் பதில் இன்னும் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, வேண்டிய கோணத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்ட புதிய நெடுங்கைகளை மாட்டுவது. மூன்றாவது, நெடுங்கையின் பின்முனையைப் பிடிக்கும் தாங்கியைச் சட்டத்திலிருந்து கீழே இறக்குவது. இதில் கை பழைய சாய்வுக்கே வந்துவிடும். ஆனால் இறங்கிய தாங்கி பாறையில் இடிக்கக்கூடும்.

எந்த வழியானாலும் ஒரு சிக்கல் உண்டு. கியர் பெட்டியிலிருந்து முன் ஆக்ஸிலுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் தண்டு ஒன்று இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் உள்ளன. கியர் பெட்டி இப்போது 5 செ.மீ. மேலே இருக்கிறது. ஆக்ஸில் கவிழ்ந்தபோது அதன் பல்சக்கரப் பெட்டியின் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, உயர்ந்த கியர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. காஸ்டருக்காக ஆக்ஸிலைப் பின்னே சுழற்றினால் மூக்கு கீழே இறங்கி, ஜாயின்ட்டின் மடக்கு அதிகமாகிறது. மடக்கு மிகுந்தால் அதிர்வும் தேய்மானமும் மிகும். நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் லேண்ட் ரோவரில் இந்தத் தண்டு ஓயாமல் சுழல்வதால், அதிர்வு விரைவில் தெரிந்துவிடும். காஸ்டரை மீட்கும்போது தண்டையும் கவனிக்க வேண்டும் என்பது இதனால்தான். வண்டியை எவ்வளவுக்கு மிகுதியாக உயர்த்துகிறோமோ, அவ்வளவுக்கு இவ்விரண்டையும் ஒருசேரச் சரியாக வைப்பது கடினமாகிறது.

குறுக்கே செல்லும் இரு தண்டுகள்

ஆக்ஸில் இடவலமாக நகராமல் தடுக்க, சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து ஆக்ஸிலின் மறு பக்கத்துக்குச் சாய்வாக ஒரு தண்டு செல்கிறது. இதற்குப் பான்ஹார்டு தண்டு என்று பெயர். வண்டியை உயர்த்தினால் இந்தத் தண்டு மேலும் செங்குத்தாகிறது. தண்டின் நீளம் மாறாததால், அதன் கிடைமட்ட நீட்டம் குறைய வேண்டும். 90 செ.மீ. தண்டின் இரு முனைகளின் உயர வேறுபாடு 10 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்குப் போனால், பித்தாகரஸ் விதிப்படி கிடைமட்ட நீட்டம் 89.4 செ.மீ.யிலிருந்து 88.7 செ.மீ.க்குக் குறைகிறது. அதாவது, ஆக்ஸில் 7 மி.மீ. ஒரு பக்கமாக இழுபடுகிறது. நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்டு தண்டைப் பொருத்தி இதைச் சரிசெய்யலாம்.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிராக் லிங்க் என்னும் தண்டும் ஏறக்குறைய இதற்கு இணையாகவே செல்கிறது. இந்த இணைத்தன்மை தற்செயலாக அமைந்ததன்று. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரு தண்டுகளின் முனைகளும் ஒரே மாதிரியான வில்வட்டத்தில் சென்றால்தான் ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் இருக்கும். ஒரு தண்டின் தாங்கியை மட்டும் இறக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் இணைத்தன்மை போய்விடும். பிறகு சாலையில் சிறு மேடு வந்தாலும், ஓட்டுநர் திருப்பாமலே வண்டி திரும்பும். ஆங்கிலத்தில் இதைப் ‘பம்ப் ஸ்டியர்’ என்பர். இறக்கினால் இரண்டையும் ஒருசேர இறக்க வேண்டும். இல்லையேல் இரண்டையும் தொடாமல் விட வேண்டும்.

எல்லா வண்டிக்கும் ஒரே மருந்தா?

இதுவரை கூறியது நெடுங்கை வகைக்குரியது. வேறு அமைப்புள்ள வண்டியில் வேறு கோணம் கெடும்.

1985-இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி ஜிப்சியில் முன்னும் பின்னும் பட்டைவில்களே. பட்டைவில்லின் ஒரு முனை சட்டத்துடன் நேராகவும், மறு முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பின் மூலமும் பொருத்தப்படும். நீளமான ஷேக்கிளை மாட்டி வண்டியை உயர்த்துவது எளிய முறை என்று கருதப்படுகிறது. ஆனால், ஒரு முனை மட்டும் இறங்குவதால் பட்டைவில்லும் அதன்மேல் அமர்ந்த ஆக்ஸிலும் சாய்கின்றன. 1 மீட்டர் நீளமுள்ள வில்லின் ஒரு முனை 5 செ.மீ. இறங்கினால் சாய்வு ஏறத்தாழ 3 டிகிரி; கிடைக்கும் உயரமோ 2.5 செ.மீ.தான். ஷேக்கிள் வில்லின் முன்முனையில் இருந்தால் காஸ்டர் குறையும். பின்முனையில் இருந்தால் கூடும். காஸ்டர் அளவுக்கு மீறிக் கூடுவதும் நன்றன்று, ஸ்டியரிங் கனத்துவிடும். குறைந்த காஸ்டரைச் சரிசெய்ய, வில்லுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்பு வடிவ இரும்புத் தகடுகளை வைப்பர்.

2020-இல் வந்த தார் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்குபவை. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரு கைகள் பிடிக்கின்றன. இவ்வகையில் உயர்த்தினால் இரு கைகளும் கீழ்நோக்கிச் சாய்ந்து கேம்பர் மாறுகிறது. டை ராடுகளும் சாய்வதால் டோவும் மாறுகிறது. இங்கே டோவைத் திருத்தாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. கேம்பரையும் காஸ்டரையும் மீட்க, வண்டியில் அதற்கான திருத்தும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது போதாதெனில் மேற்கையையே மாற்ற வேண்டியிருக்கும்.

காஸ்டரை அளப்பது எப்படி?

திருப்பு அச்சு கண்ணுக்குத் தெரியாத கற்பனைக் கோடு. அதன் சாய்வை எப்படி அளப்பது? இதற்கு ஓர் அழகான வழி உண்டு. சாய்ந்த அச்சைச் சுற்றிச் சக்கரம் திரும்பும்போது அதன் கேம்பரும் மாறும். சக்கரத்தைச் சுழல்தட்டின் மேல் நிறுத்தி, ஒரு பக்கம் 20 டிகிரி திருப்பிக் கேம்பரை அளப்பர். பிறகு மறு பக்கம் 20 டிகிரி திருப்பி அளப்பர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 1.5-ஆல் பெருக்கினால் காஸ்டர் கிடைத்துவிடும். வேறுபாடு 2 டிகிரி எனில் காஸ்டர் 3 டிகிரி. பெரிய எந்திரங்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. திருப்பியபோது கேம்பர் சற்றும் மாறவில்லையென்றால், காஸ்டர் போய்விட்டது என்று பொருள்.

எதற்குப் பின் எது?

அலைன்மென்ட்டில் வரிசைமுறை மிக முக்கியம். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும்; ஆகவே பிறவற்றை மாற்றும் கோணத்தை முதலிலும், பிறவற்றால் மாறும் கோணத்தைக் கடைசியிலும் திருத்த வேண்டும்.

1. தேய்ந்த பந்து மூட்டு, தளர்ந்த சக்கர பேரிங், கிழிந்த புஷ் ஆகியவற்றை முதலில் மாற்ற வேண்டும். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு கோணம் அளப்பது, ஆடும் தராசில் பொன் நிறுப்பது போலாகும். சக்கரம் படபடவென்று உதறும் நோய்க்கும் பெரும்பாலும் இத்தளர்ச்சியே காரணம்.

2. புதிய வில்கள் சில நாள் ஓடிச் சற்றுப் படிந்த பிறகு அளப்பது நல்லது. வழக்கமாக ஏற்றும் சுமை வண்டியில் இருக்கட்டும். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, இடமும் வலமும் உயரம் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும்.

3. புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதே இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

4. காஸ்டரைத் திருத்துக.

5. பான்ஹார்டு தண்டால் ஆக்ஸிலை நடுவுக்குக் கொணர்க.

6. கேம்பர் திருத்தும் வசதி இருந்தால் அதைத் திருத்துக. பிறகு, டை ராடால் டோவைத் திருத்துக.

7. கடைசியாக ஸ்டியரிங் பெட்டியை அதன் சரியான நடுநிலையில் நிறுத்தி, டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றிச் சக்கரங்களை நேராக்குக. ஸ்டியரிங் கோணலாக இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் கழற்றி நேராக மாட்டுவது தவறு. இவ்வகைப் பெட்டிகளின் உட்பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும். நடு தவறினால், நேராகச் செல்லும்போதே பெட்டிக்குள் தளர்ச்சி இருக்கும்.

எலக்ட்ரானிக் நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள இக்கால வண்டிகளில், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஓர் உணரி கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மேற்கண்ட வேலைகளுக்குப் பிறகு அதன் சுழிய நிலையை மீண்டும் பதிய வேண்டும். இல்லையேல் வண்டி நேராகச் செல்லும்போது திரும்புவதாகக் கணினி தவறாக எண்ணக்கூடும். பிரேக் குழாய்கள் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும் இறுகாமல் இருக்கின்றனவா என்றும், முகப்பு விளக்குகளின் ஒளி எதிரே வருவோரின் கண்ணில் அடிக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கோணம் மீட்காத ஒன்று

எல்லாக் கோணங்களையும் மீட்ட பிறகும், மீளாதது ஒன்று உண்டு. அது வண்டியின் ஈர்ப்பு மையம். இரு சக்கரங்களுக்கு இடையே அகலம் 140 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 65 செ.மீ. எனில், வண்டியை நிறுத்தி ஒரு பக்கமாகச் சாய்த்தால் 47 டிகிரியில் அது கவிழத் தொடங்கும். வில்லாலும் பெரிய டயராலும் மையம் 70 செ.மீ.க்கு உயர்ந்தால் 45 டிகிரியிலேயே கவிழும். வில்கள் அமுங்குவதையும் கணக்கில் கொண்டால் உண்மையில் இன்னும் முன்பே கவிழ்ந்துவிடும். இதற்கு எந்தப் பட்டறையிலும் திருகு இல்லை. வளைவில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே வில்லை வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உயர்த்த விரும்புவோர் வில்லின் விலையை மட்டும் கேட்கிறார்கள். ‘என் வண்டியின் முன்பகுதி எந்த வகை? இத்தனை சென்டிமீட்டருக்கு எந்தக் கோணம் எவ்வளவு மாறும்? அதை மீட்க எந்தப் பொருள் வேண்டும்?’ என்ற மூன்று கேள்விகளையும் அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் அட்டையை வாங்கி, அதில் டோவுக்குப் பக்கத்தில் காஸ்டர் என்ற வரியையும் படித்துப் பாருங்கள். அந்த எண் சரியாக இருந்தால்தான் வண்டி சாலைக்கு ஆயத்தம். பிறகு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் மெதுவாக ஓட்டி, ஒரு வளைவில் திருப்பி, ஸ்டியரிங்கைச் சற்றே தளர்த்திப் பிடியுங்கள். அது தானாக நடுவுக்குத் திரும்பினால், இழந்த 18 மில்லிமீட்டர் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது எனலாம்.